சட்டைப் பையில் மருந்து

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துப் பிழைகளுக்கும் சேர்த்து. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் என் கையெழுத்து மட்டும்தான். அதுவே ஒரு தடவை போட்ட மாதிரி மறு தடவை வராது. எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பதை இன்றுவரை காதால் கேட்டுத்தான் முடிவு செய்கிறேன். என் காதும் ஐந்தாம் வகுப்புதான். இன்னொரு குறையும் உண்டு. என் எழுத்து தொடங்கும்போது தேர் மாதிரி பெரிதாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக இடம் போதாமல் எறும்பாகிவிடும். அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் வம்பு முழுவதும் இந்த எழுத்தால் வந்ததுதான்.

நிலம் அளந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் கம்பு பிடிக்கிறவன். ஓசூரில் ஆபீஸ். மின்சாரக் கோபுரம் எங்கே நிற்கும், ரோடு எங்கே வளையும் என்று அளப்பது எங்கள் வேலை. சர்வேயர் மூன்றுகால் ஸ்டாண்டில் கருவியை வைத்துக் கண்ணைப் பொருத்திக்கொள்வார். நான் உச்சியில் கண்ணாடி பொருத்திய கம்பைத் தூக்கிக்கொண்டு தூரமாகப் போய், அவர் கைகாட்டும் இடத்தில் ஊன்றி, ஆடாமல் நிற்க வேண்டும்.

எனக்கென்றே செய்து வைத்த வேலை அது. ஆட்களோடு பேசுவதென்றால் எனக்குக் கூச்சம். திக்குவாய் இல்லை. வார்த்தைகள் எல்லாம் வாய்க்குள் வரிசையில் நிற்கும். முன்னால் நிற்கிற வார்த்தை மட்டும் நகராது. கம்பைப் பிடித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. மனிதர்கள் எல்லாரும் கட்டைவிரல் உயரத்தில் தெரியும் தூரத்தில் நான் நிற்பேன். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் காதில் விழாது.

போன மழைக்காலத்தில் இன்னொரு குழுவில் ஒருவரைக் குளவி கொட்டிவிட்டது. முதலுதவிப் பெட்டி ஜீப்பில் இருந்தது. ஜீப் பிரியாணி வாங்கப் போயிருந்தது. பிரியாணியும் பெட்டியும் சேர்ந்து வந்தபோது அவருடைய முகம் பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதன் பிறகு ஆபீஸில் சேஃப்டி மேடம் ஒரு புது சட்டம் போட்டார். மேடம் திருநெல்வேலிப் பக்கம். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர், எல்லாரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“ஜீப்ல இருக்குத பெட்டி ஜீப்புக்குத்தான் மருந்து போடும், அண்ணாச்சி. இனிமே ஒவ்வொருத்தரும் சட்டைப் பையில ஒரு டப்பா வச்சிக்கிடணும். பைக்குப் பட்டன் போடணும். டப்பா மேல என்னதுன்னு எழுதியிருக்கணும். வெள்ளிக்கெழம சைட்டுக்கே வந்து பாப்பேன். யாருது சரியில்லையோ அவங்க கேட்ல உக்காருங்க.”

ஆபீஸ் வாசல் கேட்டில் ஒரு நாற்காலி கிடக்கிறது. அங்கே உட்காருகிறவர் வருகிறவர்களிடம் பேர் கேட்டு நோட்டில் எழுத வேண்டும், போன் எடுக்க வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி நான்கிலும் ‘சார் மீட்டிங்கில் இருக்கிறார்’ என்று பொய் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் மனிதர்கள், முழு உயரத்தில், ஒரு கை தூரத்தில்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை பார்க்கிறவள். “எங்க கம்பெனிலயும் சுவத்துல பெட்டி மாட்டியிருக்காங்க. சாவி எச்சார் சார்கிட்ட. அவரு ஞாயித்துக்கெழம வரமாட்டாரு. ஞாயித்துக்கெழம யாருக்கும் அடிபடக் கூடாது” என்றாள். பிறகு, “நீங்க கேட்ல உக்காந்தா ரெண்டே நாள்ல கம்பெனிய மூடிருவாங்க. வாங்க, செய்யலாம்” என்றாள்.

டப்பா கிடைப்பதே பெரும் பாடாகிவிட்டது. மகளின் ஜியோமெட்ரி பாக்ஸை வாங்கிப் பையில் வைத்துப் பார்த்தேன். பாதி வெளியே நின்றது. குனிந்தால் தாடையில் இடித்தது. மகள், “அப்பா, எனக்கு நாளைக்கு கணக்குப் பரீட்சை, உங்களுக்கு வெள்ளிக்கிழமதான்” என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டாள். அடுத்து, பிரயாணத்துக்கு வைத்துக்கொள்ளும் சோப்பு டப்பா. அதன் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருந்ததால், காயத்துக்குப் போடும் தூளைப் போட்டபோது சட்டை முழுவதும் முதலுதவி பெற்றது. கடைசியில் மெடிக்கல் கடையில் தொண்டை மிட்டாய் விற்கும் தட்டையான தகர டப்பா கண்ணில் பட்டது. அளவு கச்சிதம். ஆனால் உள்ளே மிட்டாய் நிறைய இருந்தது. காசு கொடுத்ததைக் கொட்ட மனம் வராமல் நாங்கள் மூன்று பேரும் ஒரே சாயங்காலத்தில் அத்தனையையும் சப்பித் தீர்த்தோம். மூச்சு விட்டால் மூக்குக்குள் ஊட்டி. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இருந்ததா இல்லையா என்பதில் இன்றுவரை எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

மேடம் சொன்னபடி ஒட்டுப் பிளாஸ்திரி, பஞ்சுத்துணி, கிருமிநாசினி நனைத்த சின்னப் பாக்கெட்டுகள், முள் எடுக்கும் இடுக்கி, ஊக்கு, உப்புச்சர்க்கரைப் பொடி எல்லாம் உள்ளே போய்விட்டன. சுளுக்குக்குச் சுற்றும் பட்டை மட்டும் போகவில்லை. அது ஒரு ரஸ்தாளிப் பழம் மொத்தம். அதை வைத்தால் மூடி மூடாது, மூடினால் பட்டன் போட முடியாது. மனைவி அதை எடுத்துப் பிரித்தாள். மேசைமேல் நீளமாக விரித்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தாள். சுருக்கமெல்லாம் போய், கடிதம் மாதிரி மடித்து அடியில் வைத்தாள். படுத்துக்கொண்டது. எனக்கு அவள்மேல் பெருமை தாங்கவில்லை. கடைசியாகச் சுண்டுவிரல் அளவுக் குப்பி ஒன்றையும் ஓரத்தில் செருகினாள். மாதா கோயிலில் மந்திரித்துக் கொடுத்த எண்ணெய்.

“இது மேடம் சொல்லலையே” என்றேன்.

“மேடம் எல்லாத்தையும் சொல்லுவாங்களா?” என்றாள்.

இனி எழுதுவதுதான் பாக்கி. மூடிமேல் அகலப் பிளாஸ்திரி ஒட்டி, மகளின் பேனாவால் ‘முதலுதவி’ என்று எழுத ஆரம்பித்தேன். என் எழுத்தின் குணத்தை மேலே சொன்னேன். ‘முதலு’ எழுதியதும் மூடி முடிந்துவிட்டது. பிளாஸ்திரியைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை ‘முதலுத’ வரை வந்தது. வீட்டில் இருந்த பிளாஸ்திரி கடைசித் துண்டுக்கு வந்துவிட்டது. யோசித்தேன். முதலுதவி என்றாலும் மருந்து என்றாலும் ஒன்றுதானே? ‘மருந்து’ என்று எழுதினேன். நான்கே எழுத்து. நடுவில் அழகாக உட்கார்ந்தது. அதோடு அதில் எந்த ‘ர’ என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. மெடிக்கல் கடை போர்டில் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அஞ்செட்டிப் பக்கம் வேலை. காட்டோரம் இருந்த பட்டா நிலங்களை அளக்க வேண்டும். சர்வேயர், நான், பரீட்சை வைக்க மேடம். சர்வேயர் உத்தனப்பள்ளிக்காரர், மூன்று பாஷையிலும் சண்டை போடத் தெரிந்தவர். வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். மேடம் ஜீப்பிலேயே போனில் பேசிக்கொண்டிருந்தார். டீயை வாங்கக் குனிந்தபோது பட்டன் போட மறந்த பையிலிருந்து டப்பா பெஞ்சில் விழுந்தது.

கடைக்காரர் தெலுங்கர். “அதேமன்னா?” என்று டப்பாவைக் காட்டிக் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் மூன்று பாஷையும் கலந்து ஓடுவதால், கேட்கிறவர் பாஷையிலேயே பதில் சொல்வது வழக்கம். கூச்சக்காரனுக்கு அதில் ஒரு சௌகரியம், ஒரே சொல்லில் முடித்துவிடலாம். தமிழில் மருந்து. தெலுங்கில் மந்து. அதனால், “மந்து” என்றேன்.

கடைக்காரர் ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பொத்துன்னே மந்தான்னா? காலங்காத்தால வேணாண்ணா. வேலைக்கிப் போற ஆளு.” கூடவே கேட்காமலே ஒரு வடையை என் பக்கம் தள்ளினார். “வெறும் வயித்துல மட்டும் வேணாம்.”

தெலுங்கில் சாராயத்துக்கும் அதே மந்துதான் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. ‘அந்த மந்து இல்லை’ என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். முன்னால் நின்ற வார்த்தை நகரவில்லை. வடையைத் தின்றேன்.

ஜீப் ஸ்டியரிங்கைப் பிடித்ததுமே சர்வேயர் ஆரம்பித்துவிட்டார். “என்னாண்ணா, எனக்குத் தராம நீங்க மட்டும் டப்பால வெச்சிகினு சுத்தறீங்க? குவார்ட்டரு இவ்ளோ தட்டையா வருதா இப்ப?”

முன் சீட்டிலிருந்த மேடம் திரும்பி, “என்னது குவார்ட்டரு?” என்றார்.

“ஒண்ணுமில்ல மேடம். அளவு சொல்லிகினு இருந்தேன்.”

நிலத்துக்கு வந்ததும் மேடம், “மத்தியானம் பாக்கேன். மொதல்ல வேலைய முடிங்க” என்று புளியமர நிழலில் உட்கார்ந்துவிட்டார். நான் பட்டனைப் போட்டுக்கொண்டு கம்போடு நடந்தேன். கேழ்வரகு அறுத்த கொல்லைகளைத் தாண்டி, உண்ணிமுள் புதர் தொடங்கும் இடம்வரை சர்வேயர் போகச் சொன்னார். அங்கே ஊன்றி நின்றேன். காற்று அடித்தது. மனிதர்கள் எல்லாம் கட்டைவிரல் உயரம். எனக்கு நிம்மதி.

அந்த நேரத்தில் புதருக்குப் பின்னாலிருந்து ஒருவர் முழு உயரத்தில் வந்தார். காக்கிச் சட்டை, கையில் தடி, காலில் ரப்பர் செருப்பு. காட்டு வாட்சர். அந்தப் பக்கத்தில் காட்டுப் பன்றிக்குப் பழத்துக்குள் வெடி வைக்கிறவர்கள் நடமாட்டம் என்று அவர் அன்றைக்குக் காலையிலிருந்தே அலைந்துகொண்டிருந்தாராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் கண்ணுக்கு நான் காட்டோரத்தில் தனியாக, கையில் கம்பு, பையில் கனமான ஏதோ ஒன்றுடன் அசையாமல் நிற்கிற ஆள்.

தடியால் என் பையைக் காட்டி, “ஏனது?” என்றார். கன்னடம்.

கேட்கிறவர் பாஷையில் பதில். கன்னடத்தில் மருந்துக்கு மத்து.

“மத்து” என்றேன்.

அவர் ஓரடி பின்னால் போனார். சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, டப்பாவை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். மூடிமேல் என் எழுத்து பளிச்சென்று இருந்தது. அவர் தமிழ் படிப்பார். வாயசைத்துக் கூட்டிப் படித்தார். ம. ரு. ந். து.

கன்னடத்தில் வெடிமருந்துக்கும் மத்து என்றுதான் பேர். தமிழிலும், கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரியில் பாறையில் குழி போட்டுத் திணிக்கிறார்களே, அதற்கும் மருந்து என்றுதான் பேர். மூன்று பாஷையிலும் நான் சொன்னது உண்மைதான். மூன்றிலும் தப்பாகப் போனது.

“கீழ வை” என்றார். இப்போது தமிழ். “மெதுவா வை. குலுக்காத.”

எங்கள் வீட்டு இருமல் மருந்துப் பாட்டிலில் ‘குலுக்கிய பின் குடிக்கவும்’ என்று இருக்கும். இவர் என்ன குலுக்கக் கூடாது என்கிறார் என்று எனக்குக் குழப்பம். “குலுக்கினா ஒண்ணும் ஆகாதுங்க” என்று சொல்லி, நன்றாக ஒரு தடவை குலுக்கிக் காட்டினேன். உள்ளே இடுக்கியும் ஊக்கும் கடகடவென்றன.

அவர் பின்பக்கமாகவே பாய்ந்தார். ஒரு செருப்பு இங்கே நின்றது. ஆள் உண்ணிமுள் புதரில் உட்கார்ந்திருந்தார். கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையெல்லாம் முள்.

நான் கம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். “கிட்ட வராத” என்றார். நின்றேன். “அத அந்தப் பாறை மேல வெச்சிட்டுத் தள்ளி வா.” வைத்துவிட்டுத் தள்ளி வந்தேன். இரண்டு பேரும் டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்தோம்.

“எத்தன பேருய்யா வந்திருக்கீங்க?”

“மூணு பேருங்க.”

“எல்லார்கிட்டயும் இது இருக்குதா?”

“இருக்குதுங்க. இல்லாட்டி கேட்ல உக்கார வெச்சிருவாங்க.”

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். “யாரு குடுத்தது?”

“யாரும் குடுக்கலங்க. வூட்டுலயே செஞ்சது.”

“வூட்டுலயா?”

“ஆமாங்க. சம்சாரம் இஸ்திரி போட்டுக் குடுத்துச்சு.”

அவர் உட்கார்ந்தபடியே இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். போனை எடுத்துப் பார்த்தார், அஞ்செட்டிப் பக்கம் டவர் இல்லை. அவர் உள்ளங்கையில் ரத்தம் கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“ரத்தம் வருதுங்க. டப்பாவ எடுத்தா கட்டுப் போட்டுரலாம்.”

“தொட்டீன்னா நடக்கறதே வேற” என்றார்.

அதற்குள் கருவியில் கண் வைத்திருந்த சர்வேயருக்குக் கம்பு விழுந்தது தெரிந்துவிட்டது. நான் இதுவரை கம்பைக் கீழே போட்டதே இல்லை. அவரும் மேடமும் கொல்லை வழியாக ஓடி வந்தார்கள். மேடத்தின் கண் முதலில் போனது என் சட்டைப் பைக்கு. பை காலி.

“அண்ணாச்சி, டப்பா எங்க?”

நான் பாறையைக் காட்டினேன். பரீட்சை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட் நாற்காலி, அதன்மேல் போட்டிருக்கும் பச்சைத் துண்டு, பக்கத்தில் மணியடிக்கும் போன், எல்லாம் கண்முன்னால் வந்து நின்றன.

“கிட்டப் போவாதம்மா” என்றார் வாட்சர். “மருந்து.”

“மருந்துதானே. அதுக்குத்தானே வச்சிருக்கு” என்றார் மேடம்.

சர்வேயர்தான் வாட்சரிடம் கன்னடத்தில் விசாரித்தார். பாதி கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டார், சிரிப்பில். வாட்சர் சிரிக்கவில்லை. “நீங்களே சொல்லுங்க சார். கேட்டா மத்துங்கறாரு. பேரு வேற எழுதி ஒட்டிகிறாரு. வூட்ல செஞ்சோங்கறாரு. குலுக்கிக் காட்றாரு.”

மேடம் பாறையிலிருந்து டப்பாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். “நீங்களே போடுங்க அண்ணாச்சி. பாக்குதேன்.”

வாட்சர் முன்னால் உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தபோதுகூட அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஞ்சுத்துணியைப் பார்த்த பிறகுதான் கையை நீட்டினார். இடுக்கியால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தேன். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசுவது, முகத்தைப் பார்த்துப் பேசுவது மாதிரி இல்லை என்பது அப்போது தெரிந்தது. “நோவாய்தா?” என்று கேட்டேன். கொஞ்சம் என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். அதையும் சொன்னார். நான் கேள்வி கேட்பதைப் பார்த்து சர்வேயர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

கணுக்காலுக்குப் பட்டையை எடுத்தேன். இழுத்தால் அது இழுபடவில்லை. என் மனைவி சுருக்கத்தோடு சேர்த்து அதன் உயிரையும் தேய்த்து எடுத்துவிட்டாள். மேடம் வாங்கி ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“இது என்ன, வேட்டிக்கரை மாதிரி இருக்கு?”

“இஸ்திரி போட்டது மேடம்.”

“மருந்துக்கு இஸ்திரி போட்ட மொத வீடு உங்க வீடுதான்.”

வேட்டி கட்டுவது மாதிரி இறுக்கிக் கட்டி ஊக்குக் குத்தினேன். நின்றது. டப்பாவை மூடப் போனபோது வாட்சர் ஓரத்திலிருந்த குப்பியைக் காட்டி, “அதென்ன?” என்றார். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. எந்தப் பாஷையிலும் ஒரே சொல்லில் சொல்லவில்லை. “எங்க மாதா கோயில்ல குடுத்த எண்ணெங்க. சாமி எண்ணெ. வெடிக்காது” என்றேன்.

“அத மொதல்ல எடுக்கக் கூடாதா? அதுல ரெண்டு சொட்டு வுடு” என்றார்.

மேடம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கட்டுக்கு மேலே இரண்டு சொட்டு விட்டேன். வாட்சரை ஜீப்பில் ஏற்றி அஞ்செட்டி ஆஸ்பத்திரியில் காட்டினோம். எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்றார்கள். அவர் இறங்கும்போது என் பையை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

திரும்பும் வழியில் மேடம் தீர்ப்புச் சொன்னார். “டப்பா பாஸ். கட்டு பாதி பாஸ். எழுதுனது ஃபெயில். கேட்டுக்குப் போக வேண்டாம் அண்ணாச்சி. ஆனா ஒண்ணு. திங்கக்கெழம காலையில எல்லாரையும் நிக்க வச்சி நீங்களே இதச் சொல்லணும். இன்னொருத்தர் இப்படி எழுதக் கூடாதுல்லா.”

எல்லாரையும் என்றால் நான்கு குழுக்கள். என் வாய் எப்படியோ திறந்தது. “மேடம், நான் கேட்லயே உக்காந்துக்கறேன்.”

மேடம் சிரித்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, “சரி. அப்போ எழுதித் தாங்க, நான் வாசிக்கேன். எழுதித் தந்தா கம்பு உங்க கையில. தரலன்னா நாற்காலி” என்றார்.

அது நடந்தது தை மாதம். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும், “எழுதியாச்சா அண்ணாச்சி?” என்று கேட்பார். “பாதி மேடம்” என்பேன். ஒரு எழுத்துக்கூட எழுதியிருக்க மாட்டேன். (மேடம், இந்த இடத்தை வாசிக்க வேண்டாம்.) போன வாரம் அவர் கேட்கவில்லை. கேட் நாற்காலியின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

இன்று காலை கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தவன் இப்போதுதான் நிமிர்கிறேன். மகள், “நான் எழுதித் தரேன்பா” என்றாள். வேண்டாம் என்றேன். அவள் எழுதினால் பிழை இருக்காது, மேடம் நம்ப மாட்டார்.

டப்பாமேல் இப்போது நான் எதுவும் எழுதுவதில்லை. சிவப்புப் பேனாவால் ஒரு கூட்டல் குறி போட்டிருக்கிறேன். அதில் எழுத்துப் பிழை வர வழியில்லை. மேடமும் சரி என்றுவிட்டார். கீழே இறங்கும் கோடு மட்டும் என் வழக்கப்படி கொஞ்சம் நீண்டுவிட்டது. என் மனைவிக்கு அதனால் பரம சந்தோஷம். போன வாரம் அந்த டீக்கடையில் டப்பாவைப் பார்த்த கடைக்காரர், “மந்து வுட்டுட்டியாண்ணா? சிலுவ போட்டுகினியே, நல்லதுண்ணா” என்று மறுபடி ஒரு வடை தள்ளினார். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். வடை சூடாக இருந்தது.

நாளை காலை மேடம் இதை வாசிக்கும்போது நான் கடைசி வரிசைக்கும் பின்னால், ஜீப்புக்கு அந்தப் பக்கம், கம்பைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்பேன். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓசூர்,
மார்ச் எட்டு, ஞாயிற்றுக்கிழமை.